தங்கச்சி ஓட்டினால் மட்டும்

அந்தக் கார் நெட்டையின் பட்டறைக்கு வந்தது அது நாலாவது தடவை. முந்தைய மூன்று தடவையும் அவன் ஓட்டிப் பார்த்ததில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு கதவு, இரண்டு சீட், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். காருக்கு வயது இருபத்தாறு. வேறு யாருடையதாகவாவது இருந்தால் "எடுத்துட்டுப் போங்க சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். இது அவன் தங்கச்சியுடையது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மனசு சரியில்லாமல் போய், எட்டு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தாள். தேறி எழுந்து, கண் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக இந்தக் காரை வாங்கினாள். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது, அது போதும் என்று அப்போது நெட்டையும் நினைத்தான்.

"ஏத்தத்துல வெட்டுதுண்ணா," என்பாள். "யாரோ பின்னாலருந்து புடிச்சு இழுத்துட்டு விட்ட மாதிரி. ரெண்டு செகண்டுதான். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி போகுது."

நெட்டை பிளக்குகளை மாற்றினான். காயிலை மாற்றினான். பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி ஊதிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று அதையும் புதிதாகப் போட்டான். ஆறடி மூன்றங்குல உடம்பை மடக்கி ஏறி, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிக்கொண்டு, மேம்பாலத்தில் பதினோரு முறை ஏறி இறங்கினான். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. தங்கச்சி மாப்பிள்ளையும் ஓட்டிப் பார்த்தார். அவரும் நல்ல உயரம். "என் கையில ஒரு தொந்தரவும் இல்ல மச்சான்," என்றார். அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தார். "ஸ்டியரிங்க கட்டிப்புடிச்சுக்கிட்டா ஓட்டுவாங்க? தள்ளி உக்காரு" என்று சீட்டைப் பின்னுக்குத் தள்ளவைத்தார். அன்றைக்கும் வெட்டவில்லை.

"நீ கார்பெட் மாத்திக் குடுத்ததுக்கு அப்புறந்தாண்ணா இப்படி," என்று அவள் ஒரு தடவை சொன்னாள்.

"கார்பெட்டுக்கும் இஞ்சினுக்கும் என்னடி சம்பந்தம்? நாளைக்கு ஹாரன் அடிச்சா டயர் தேயுதும்ப."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நான் ஒரு நாளைக்கு நாப்பது பேருக்குக் கண்ணு பாக்குறேன். எந்தக் கண்ணாடியில நல்லாத் தெரியுதுன்னு அவங்க சொல்றத நம்பித்தான் பவர் எழுதுறேன். நான் சொல்றத மட்டும் ஏன் ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறீங்க?" என்றாள்.

அதற்கு நெட்டை சொன்ன பதில்தான் பின்னால் அவனைத் தூங்கவிடாமல் அடித்தது. "வண்டிக்கு வைத்தியம் முடிஞ்சுதும்மா. இனிமே ஓட்டுறவளுக்குத்தான் பாக்கணும்." வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாத ஜென்மம். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் மாப்பிள்ளை அதை அப்படியே அவளுக்கு மனநல வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோனார். பதினெட்டு வருஷ மெக்கானிக், அதுவும் கூடப்பிறந்த அண்ணனே சொல்லிவிட்டான் என்றதும், டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

நாலாவது தடவை வந்தபோதுதான் அது நடந்தது. இஞ்சினை ஓடவிட்டு வெளியே நின்றபடி குனிந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவனின் கையிலிருந்து டெஸ்டர் நழுவி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உருண்டது. எடுப்பதற்காகச் சீட்டை முன்னால் தள்ளினான். கடைசிவரை தள்ளி, அதன்மேல் கையை ஊன்றினான். இஞ்சின் வெட்டியது.

சீட்டைப் பின்னால் இழுத்தான்; இஞ்சின் சீராக ஓடியது. முன்னால் தள்ளி அழுத்தினான், வெட்டியது. தங்கச்சி ஐந்தடிக்கும் குறைவு. கால் எட்ட வேண்டுமானால் அவள் சீட்டை அங்கேதான் வைத்தாக வேண்டும். இவனோ காரில் ஏறியதும் முதலில் அதைத்தான் மாற்றினான். மூன்று தடவையும் மாற்றினான்.

கார்பெட்டைத் தூக்கினான். பின்னாலிருக்கும் பெட்ரோல் பம்புக்குப் போகிற வயர், கதவோரத்துப் பள்ளத்தில் ஒதுங்கிப் போக வேண்டியது, சீட் ஓடும் தண்டவாளத்தின் குறுக்கே கிடந்தது. மேல்தோல் உரிந்து, உள்ளே இரண்டு மூன்று இழைகள் மட்டும் மிச்சம். சீட் முன்னால் வந்து, ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாயும்போது அந்த இழைகளும் விட்டுப் போகும். பம்ப் நிற்கும், வண்டி திணறும். வயரின் மேல் நீல டேப் சுற்றியிருந்தது. அந்தப் பட்டறையில் நீல டேப் சுற்றுகிறவன் நெட்டை ஒருவன்தான். நாலு மாதத்துக்கு முன்னால் புதுக் கார்பெட் போட்ட அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, பசி. சட்டுபுட்டென்று வயரைக் குறுக்கே விட்டு மூடியிருக்கிறான்.

யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். திருடனுக்குக்கூட அவ்வளவு பதற்றம் இருந்திருக்காது. வயரை மாற்றி, ஓரமாக ஒதுக்கி, கிளிப் போட இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அதைச் சொல்ல போனை எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்து, மறுபடி வைத்தான். வண்டி சரியாகிவிட்டது, இனி வெட்டாது, அவளுக்கு வேண்டியது அதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் சாவி வாங்க வந்தவள், "ஏதாவது கண்டுபுடிச்சியாண்ணா?" என்று கேட்டாள்.

"பெருசா ஒண்ணுமில்ல. சும்மா எல்லாத்தையும் ஒரு தடவ பாத்து முறுக்கி விட்டேன்."

வண்டி வெட்டவில்லை. முதல் நாள் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை. மாப்பிள்ளை போன் பண்ணினார். "மச்சான், டாக்டரு கைராசிக்காரரு. மாத்திரைய கூட்டுனதும் பாத்தீங்களா, இப்ப வண்டி வெட்டுதுங்கிற பேச்சே இல்ல." நெட்டை "ம்" என்றான். அந்த ஒரு "ம்" அவனை விடவில்லை. சாப்பிடும்போது நினைவுக்கு வந்தது. ஒரு கஸ்டமர் "உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் அவள் வந்தாள். ஓட்டி வந்தது மாப்பிள்ளை. அவர் வாசலில் நிழல் தேடி நிற்க, அவள் உள்ளே வந்து சாவியை ஸ்பேனர்களுக்கு நடுவே வைத்தாள்.

"வித்துடுண்ணா."

"ஏன்? இப்பத்தான் நல்லா ஓடுதே?"

"அதனாலதான்." அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். "நீ ஒண்ணும் பண்ணல, மாத்திரைய கூட்டுனதும் நின்னுபோச்சு. அப்ப வெட்டவே இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா என் முதுகுல, கால்ல எல்லாம் எவ்வளவு சத்தியமா தெரிஞ்சுது தெரியுமா? இல்லாத ஒண்ணு அவ்வளவு நிஜமா தெரியுதுன்னா, நான் எப்படி ரோட்டுல ஓட்டுறது? நேத்து ஒரு பாப்பாவுக்குப் பவர் எழுதிட்டு மூணு தடவ திரும்பப் பாத்தேன். கொஞ்ச நாளைக்கு லீவு கேக்கலாம்னு இருக்கேன். நீ அன்னைக்கே சொன்ன, நான்தான் கேக்கல. மன்னிச்சிருண்ணா."

அந்தக் கடைசி வார்த்தையில் நெட்டை உடைந்துபோனான். ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"வெட்டுனது நெசம்," என்றான். "நீ சொன்னது எல்லாமே நெசம். கார்பெட் போட்டப்ப வயர தப்பா விட்டவன் நான். சீட்ட முன்னால தள்ளினா வெட்டும். நான் ஒரு தடவகூட உன் சீட்டுல உன்ன மாதிரி உக்காந்து பாக்கல."

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் முகம், இத்தனை நாள் குனிந்தே இருந்த முகம், நிமிர்ந்தது. பிறகு கேட்டாள்: "எப்ப கண்டுபுடிச்ச?"

'இன்னைக்குக் காலையிலதான்' என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவள் நம்பியிருப்பாள்.

"ஒம்பது நாளாச்சு."

அவள் திரும்பி வாசலைப் பார்த்து, "என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள். மாப்பிள்ளை வந்தார். "அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

நெட்டை மறுபடி கார்பெட்டிலிருந்து ஆரம்பித்தான். வயர், டேப், சீட். மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "ஐயோ, டாக்டர்கிட்ட நான் என்னென்னமோ சொல்லிட்டேனே" என்று தலையில் கைவைத்தார். "அப்புறம் புது வயர் போட்டு சரி பண்ணிட்டேன்," என்று நெட்டை முடித்தான்.

"இன்னும் முடியல," என்றாள் தங்கச்சி. "அந்த ஒம்பது நாளையும் சொல்லு."

சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு டாக்டர பாக்கப் போறோம். அவர்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு விடாம சொல்லணும்."

"வர்றேம்மா," என்றான் நெட்டை. "வீட்டுக்கு வந்துடட்டுமா, சேந்து போயிடலாமா?"

"வேணாம். நான் வண்டி ஓட்டிட்டு வருவேன். நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்துருங்க."