தபீதாளின் ஹாரன்

1968 செப்டம்பர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்து அரை மணி நேரம் கழித்து, சித்தூர் தபீதாளின் குரல் அவள் தொண்டையை விட்டு அவள் புருஷனுடைய காரின் ஹாரனுக்குள் போனது. புருஷன் தியோடர் அப்போதுதான் ஹாரனுக்கு ஒயரை மாட்டிப் பொத்தானை அழுத்தியிருந்தார். வண்டி பெண் குரலில் ராகமாக நீட்டியது. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தபீதாள் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அன்று சந்தையில் வெங்காயம் கிலோ நாற்பது பைசா.

கார் அந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 1947-ம் வருஷத்து எம்.ஜி., இரண்டே பேர் உட்காரக்கூடிய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். தாய்நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் அதைச் சபைக்குக் காணிக்கையாக விட்டுப் போயிருந்தார். எட்டு வருஷம் கொட்டகையில் கிடந்து, கரையான் தின்றது போக மீதி 1964 அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வந்தது. பூசணிக்காய், கோழிகள், கரும்புக் கட்டு, ஒரு கன்றுக்குட்டி, அதற்கடுத்துக் கார். அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. உயிருள்ளது எதை ஏலத்தில் எடுத்தாலும், எடுத்தவர் அதன் தலையில் கை வைத்து, ‘என் வீட்டில் உள்ளது உள்ளவரை இதற்கு ஒரு குறையும் வராது’ என்று பீடத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஆண்டவருக்குக் கொடுத்த கோழியைப் பட்டினி போடக் கூடாதல்லவா, அதற்காக. கன்றை அப்போதுதான் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள், போதகருக்கோ பசி. வாய்ப்பழக்கத்தில் தியோடரையும் அதையே சொல்லச் சொன்னார். தியோடரும் துருப்பிடித்த பானட்டில் கை வைத்து மனப்பூர்வமாகச் சொல்லித் தொலைத்தார். யாரும் சிரிக்கக்கூட இல்லை.

தியோடர் சர்க்கரை ஆலையில் லேத் ஃபிட்டர். இரும்பு என்றால் அவர் கைக்கு மாவு. ஆனால் அந்தக் காருக்கு வேண்டிய சாமான் மெட்ராஸிலும் கிடையாது, வெளிநாட்டிலிருந்து தருவிக்க லைசென்சும் கிடைக்காது. அதனால் கார் தனக்கு வேண்டியதை வீட்டிலேயே எடுத்துக்கொண்டது. ஒரு நாள் காலை தேக்குக் கட்டிலைக் காணோம்; கரையான் அரித்த காரின் அடிச்சட்டம் புதுத் தேக்கில் நின்றது. பித்தளை அண்டா போனது, ரேடியேட்டர் ஒழுகுவது நின்றது. கல்யாணச் சீராக வந்த சுவர்க்கடிகாரம் முள் இல்லாமல் தொங்கியது, ஸ்பீடோமீட்டர் முள் ஆட ஆரம்பித்தது. தபீதாளின் சிவப்புப் பட்டுப்புடவை பெட்டியில் இல்லை. சீட்டு இரண்டும் சிவப்புப் பட்டில் பளபளத்தன. தியோடருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தது, அதுதான் உண்மை. கோணி விரித்துப் படுத்துக்கொண்டு காரையே பார்ப்பார்.

நாலாவது வருஷம் ஹாரன் ஒன்றுதான் பாக்கி. தபீதாள் வந்து எதிரில் நின்றாள். “உங்க வண்டி வீட்டத் துன்னுக்கினு இருக்குது. மிச்சம் நானும் நீங்களும்தான். ஹாரன் வேணாங்க, ஊமையாவே ஓட்டிக்கினு போங்க” என்றாள். சரி என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கை அரித்தது, ஒயரை மாட்டிவிட்டார்.

அதோடு விட்டாரா? பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டும் என்று இன்னும் நாலு தரம் அழுத்தினார். அழுத்த அழுத்தக் குரல் கம்மியது. ஆஸ்பத்திரியில் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒயரைப் பிடுங்கினால் தபீதாளுக்கு மூச்சு முட்டியது, அவசரமாகத் திரும்ப மாட்டினார். புத்தூர்க்காரன் கோவர்த்தனன் திருப்பதியில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். ஆள் அனுப்பியதும் வந்து, ஹாரனில் காதை வைத்துக் கேட்டான். “உள்ள தகடு தாளு மாதிரி தேஞ்சிபோச்சிணே. இன்னும் ஒரே ஒரு அமுக்கு தாங்கும். அப்பறம் கொரலு அக்காவுக்கும் இல்ல, வண்டிக்கும் இல்ல” என்றான். குரலைப் பிரித்தெடுக்கிற மெஷின் திருப்பதியில் இருந்தது. ஹாரனை அடிக்காமல் வண்டியையும் அக்காவையும் அங்கே கொண்டுவந்து சேர்க்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

புரட்டாசிச் சனிக்கிழமை கிளம்பினார்கள். சாலை முழுக்க மஞ்சள் துணி கட்டிய நடைபயணக்காரர்கள், வெல்லம் ஏற்றிய மாட்டுவண்டிகள், முந்திக்கொண்டு போகும் பஸ்கள். ஹாரனுக்குப் பதிலாகத் தியோடரே கத்திக்கொண்டு போனார். பாகாலா தாண்டும்போது அவர் தொண்டையும் கட்டிவிட்டது. தபீதாள் இருப்புக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாஷ்போர்டின் நடுவிலிருந்த பொத்தானைப் பார்ப்பதற்கே அவருக்குப் பயமாக இருந்தது.

சந்திரகிரிக்கு முந்தின வளைவில் ஒரு லாரி பஸ்ஸை முந்திக்கொண்டு நேர் எதிரே வந்தது. இடது பக்கம் ஒதுங்கலாம் என்றால் இருபது முப்பது பேர் கோவிந்தா போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பிரேக்கை மிதித்தார், வண்டி இழுத்துக்கொண்டு போனது. அழுத்தினால் அவள் குரல் அத்தோடு சரி. அழுத்தாவிட்டால் அவளே இல்லை. விரல் பொத்தான் வரை போய் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து தியோடர் அப்படிப் பயந்ததில்லை.

தபீதாள் அவர் கையைத் தட்டிவிட்டுத் தானே அழுத்தினாள்.

“டேய், கண்ணு தெரில? ஓரங்கட்டுடா!” என்றது ஹாரன். லாரிக்காரனுக்குத் தமிழ் தெரியாதோ என்று அதே மூச்சில் “பக்ககு போரா!” என்று தெலுங்கிலும் சொன்னது. சந்திரகிரிக் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். லாரி அலறிப்போய் வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

தியோடர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, குரல் போய்விட்டது, கடைசி மூச்சும் போய்விட்டது என்று வாய்விட்டு அழுதார். தபீதாள் மறுபடியும் பொத்தான் மேல் விரலை வைத்தாள். அவள் விரல் பட்டால் கம்மல் இல்லை, தேய்மானம் இல்லை, அவளுடைய பழைய குரலேதான்.

“சாவியக் குடுங்க. அப்டி நவுந்து குந்துங்க.”

அதுவரை அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. தியோடர் இறங்கிச் சுற்றிவந்து இடது பக்கம் உட்கார்ந்தார். திருப்பதியில் ஸ்பானரோடு ஓடிவந்த கோவர்த்தனனிடம், ஒன்றும் பிரிக்க வேண்டாம், ரெண்டு டீ சொல்லு என்றது வண்டி.

அதற்குப் பிறகு ஓட்டியதெல்லாம் தபீதாள்தான். வேறு யார் விரல் வைத்தாலும் ஹாரன் வெறும் ராகம் இழுக்கும். சந்தையில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கத்தரிக்காய்க்கு பேரம் பேசினாள். புருஷன் பெண்சாதிக்குள் பேச வேண்டியது இருந்தால் இருவரும் கொட்டகைக்குப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்கள். பேச்சு முடியும்வரை தியோடர் எழுந்து போக முடியாது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் கேட்காததையெல்லாம் அங்கே உட்கார்ந்து கேட்டார். கட்டிலையும் கடிகாரத்தையும் பற்றி மட்டுமே ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டார்.

1981-ல் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோனபோது, புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி விளக்கைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், ஹாரன் அடிக்கச் சொன்னார். ஹாரன் அவருக்கு வணக்கம் சொல்லி, வெயிலில் முக்கால் மணி நேரமாக நிற்க வைத்திருப்பதையும் இரண்டு மொழியில் எடுத்துச் சொன்னது. அதிகாரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பாரத்தில் எழுதினார்: ‘ஹாரன் நல்ல நிலை. தெலுங்கு, தமிழ்.’ முத்திரை குத்தி, அடுத்த வண்டியை வரச் சொன்னார்.