ஆளி விதை தின்ற கோழிகள்

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு கோபி டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதை எல்லாம், ரங்கம்மாள் பெரியம்மா வீட்டுக்கு வந்ததும் எங்களிடம் ஒப்பித்தார். திருமலைசாமி பெரியப்பாவின் ரத்தத்தில் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது. வடையும் முறுக்கும் பொரிக்கிற சூரியகாந்தி எண்ணெயில் ஒமேகா ஆறு ஏராளம். ஒமேகா மூன்றோ அவர் சாப்பாட்டில் இல்லவே இல்லை. பலகாரத்தைக் குறைத்து, மத்தி மீன் சாப்பிட வேண்டும். தீபாவளிக்கு முன்னால் மறுபடி பரிசோதனை. குறையாவிட்டால் தினமும் மாத்திரை.

மாத்திரை என்றால் பெரியப்பாவுக்கு நடுக்கம். தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்பார். ஆனால் புரட்டாசி பிறந்து, மீன் சட்டி பரணுக்குப் போயிருந்தது.

"மீனுக்குப் பதிலா ஆளி விதை தின்னலாமாமா" என்று பெரியம்மா அதை வறுத்து இட்லிப் பொடியாக்கினார்.

பெரியப்பா முகர்ந்து பார்த்தார். "ஏம்புள்ள, மாட்டுத் தீவனமாட்ட இருக்குது."

"மாடு மாத்திரையா முழுங்குதுங்க? பேசாமத் தின்னுங்க."

அன்றிலிருந்து அவர் தட்டோடு கொல்லைப் பக்கம் போனார். காற்றாட உட்கார்ந்து தின்பதாகச் சொன்னார். பொடி மளமளவென்று தீர்ந்தது. பெரியம்மா சந்தோஷமாக மறுபடி வறுத்தார்.

ஒரு நாள் காலையில் பெரியப்பா பால் கேனோடு சொசைட்டிக்குக் கிளம்பினார். வாசலைத் தாண்டியதும் எங்கள் நாட்டுக்கோழிகள் அத்தனையும் அவர் பின்னால் ஓடின. விரட்டினால் நின்றன, நடந்தால் ஓடின. சேவல் வேட்டி முனையைக் கொத்தியது. பக்கத்துத் தோட்டத்து லோகப்பிரியா அக்கா ஸ்கூட்டியை நிறுத்தினார்.

"ஏனுங்க மாமா, கோழியும் சொசைட்டிக்குப் பால் ஊத்துதுங்களா?"

சத்தம் கேட்டுப் பெரியம்மா வெளியே வந்தார். கோழிகளைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார்.

"பொடியெல்லாம் இதுங்களுக்குத்தான் போச்சுங்களா?"

"இல்ல புள்ள, யூட்யூப்ல பாத்தேன். ஆளி விதை தின்ன கோழியோட முட்டையில அந்த ஒமேகா மூணு இருக்குதாமா. நான் அதை முட்டையாத் தின்னுக்கலாம்னு..."

"புரட்டாசியில முட்டை மட்டும் கவுச்சி இல்லைங்களா?"

"ஐப்பசி பொறக்கட்டும்னு இருந்தேன்."

"ஐப்பசி பொறந்தா தீபாவளி வந்துரும். டெஸ்டு அதுக்கு முன்னாலயே. மாத்திரைய யார் முழுங்கறது, சேவலா?"

பெரியப்பா பால் கேனைக் கீழே வைத்தார். பெரியம்மா உள்ளே போய் இட்லித் தட்டோடு வந்தார். மேலே குவியலாகப் பொடி.

"இனி எம்முன்னாலதான்."

வாசலில் நின்றபடியே பெரியப்பா ஒரு வாய் வைத்தார். மென்றார். கோழிகள் அண்ணாந்து பார்த்தன.

"அட, எள்ளுப் பொடியாட்டமே இருக்குது புள்ள" என்றார்.

இத்தனை நாளும் அவர் அதை நாக்கில்கூட வைத்துப் பார்த்ததில்லை.