பனிப்புகாருக்குள் ஒரு மாடு

படத்தில் அந்த மாட்டை நான்தான் கீறினேன். கீறியது பிழை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லட்டும். என் இடத்தில் நின்றிருந்தால் நீங்களும் ஏதாவது செய்துதான் இருப்பீர்கள்.

என் மனைவி கனகேஸ்வரி பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவள். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் பல்கனியை எந்நேரமும் டர்பன்டைன் மணக்க வைத்திருந்தாள். மாசி மாதம் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. கால் தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது. வலது கைதான் சொல்வழி கேட்கவில்லை. "இடது கையால கீறிப் பாருமன்" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பிறகு, கீழ்வீட்டு ஷபீகாவைக் கூப்பிட்டு, சனிக்கிழமை பின்னேரம் வந்து தன் பெயின்ட் பெட்டியை ஷபீகாவின் மகளுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். அந்தப் பெட்டி படியிறங்கினால் இவள் இனி ஒருநாளும் பிரஷைத் தொடமாட்டாள்.

அவள் கடைசியாகக் கீறிய படம் பல்கனியிலேயே நின்றது. கனடாவிலிருந்து மகள் தாரிகா அனுப்பிய போட்டோவைப் பார்த்துக் கீறிய இலையுதிர்காலம். இடது ஓரத்தில் சிவந்த மரங்கள் இரண்டு, அடியில் உதிர்ந்த இலைகள். வலது பக்கம் தூரத்தில் ஒரு மரவேலி, கொஞ்சம் புல். நடுவில்? ஒன்றுமேயில்லை. புகைபோல சாம்பலும் மஞ்சளும் கலந்த பனிப்புகார், அவ்வளவுதான். நான் காலமெல்லாம் காணி அளக்கும் சேவையர் வேலை பார்த்தவன். வெறுங்காணியைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அதோடு, அவள் கை நின்றுபோன இடம் அதுதான் என்று நினைத்திருந்தேன். தேத்தண்ணிக் கோப்பையோடு போய் அதைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் படுத்திருந்தாள். படத்தையாவது முடித்துச் சட்டம் போட்டுச் சுவரில் கொளுவுவோம் என்று பிரஷை எடுத்தேன். புல் இருந்தால் மாடு இருக்கத்தானே வேண்டும்? கீறினேன். நாலு காலும் வந்துவிட்டன. வாலைக் கீறிக்கொண்டு நிற்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன இது?"

"மாடு."

"நான் நாயெண்டெல்லோ நினைச்சன். அந்தக் குளிருக்குள்ள கொண்டுபோய் ஆர் மாடு கட்டுறது?"

"பாதியில நிண்ட படம். நடுவில ஒண்டுமில்லாமல் கிடந்துது, அதுதான்..."

"ஆர் சொன்னது பாதியெண்டு?" குரல் ஏறியது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவேயில்லை. "வேலிக்குக் கீழ வடிவாப் பாருங்கோ."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். புல்லோடு புல்லாக அவளுடைய கையெழுத்து. பக்கத்தில் தை மாதத்துத் திகதி.

"முடிஞ்ச படம். அந்த இடம் சும்மா கிடக்கவேணுமெண்டுதான் விட்டனான். மரத்தைப் பாத்த கண்ணுக்கு ஆற ஒரு இடம் வேண்டாமே? சாமான் அடுக்கிறதுக்கு அதென்ன, எங்கட வீட்டு ஹோலே?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. முழுசாக இருந்த ஒன்றைப் பார்த்து இத்தனை மாதமும் அழுதிருக்கிறேன்.

"பாத்துக்கொண்டு நிக்காமல் துணியை டர்பன்டைன்ல நனைச்சுத் தாங்கோ. காய முதல் துடைக்கவேணும்."

துடைக்கப் போனேன்.

"நீங்கள் தொடாதேங்கோ!"

துணியைப் பறித்தாள், இடது கையால். முதுகு போனது, கால்கள் போயின. மாடு நின்ற இடத்தில் மண்ணிறக் கறையொன்று மிஞ்சியது. "பழுதாக்கிப் போட்டியள் மனுசன்" என்று ஏசிக்கொண்டே வெள்ளை டியூப்பை என்னிடம் நீட்டினாள். மூடியைத் திறந்து கொடுத்தேன். பிரஷை இடது கையில் எடுத்தாள். முதல் இழுவை கோணலாகப் போனது. அவள் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தாள்.

"புகார்தானே. நேராவே நிக்கப்போகுது?" என்று அடுத்ததை இழுத்தாள்.

பெல் அடித்தது. வாசலில் ஷபீகா, கையில் சொப்பிங் பை. "டீச்சர் பெட்டிய எடுக்க வரச் சொன்னாங்க, அங்கிள்."

நான் வாய் திறக்குமுன் பல்கனியிலிருந்து குரல் வந்தது. "குறை நினையாதையும் ஷபீகா, பெட்டி எனக்கு வேணும். பிள்ளைக்கு இவர் புதுசு வாங்கித் தருவார். மாடு கீறினதுக்குத் தண்டம்!"

ஷபீகா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாடா?"

"ஓம்" என்றேன். அவ்வளவு பெருமையாக நான் ஒருநாளும் ஓம் சொன்னதில்லை.

"கதைச்சது காணும்" என்று திரும்பவும் குரல். "இஞ்ச வெள்ளை முடியுது. காலி வீதிக் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"ஒரு டியூப் காணுமே?"

பல்கனியிலிருந்து பதில் வந்தது.

"ரெண்டு வாங்குங்கோ. பெரிசு."