தட்டுப் பாவாடையும் இரண்டு பவுண்டு சர்க்கரையும்

"அக்டோபர்லேருந்து டீயில ஒரு துளி போடாம சேத்த ரேஷன் சர்க்கரை அண்ணி அது! ரெண்டு பவுண்டு! அதைக் காய்ச்சி மகளோட பாவாடையில ஊத்தியிருக்கீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"கத்தாதே ஆக்னஸ். நீ போடுற சத்தத்துல பாவாடை துவண்டுடப் போகுது."

"துவளட்டும்! கிறிஸ்துமஸ் கேக்குல நான் எதைப் போடுறது? உப்பையா?"

"கேரட்டைத் துருவிப் போடு. போர் சமயத்துல போட்டோமே, செத்தா போயிட்டோம்?"

"போர் முடிஞ்சு ஏழு வருஷமாச்சு! புது ராணியே வந்தாச்சு! இன்னும் கேரட்டா?"

ஜூபிலி தெருவில் வீட்டுக்கு வீடு ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஆகையால் பதினேழாம் எண் வீட்டுச் சமையலறையில் நெல்லி ஹோல்ராய்டும் அவளோடு இருந்த கல்யாணமாகாத நாத்தனார் ஆக்னஸும் போட்ட இந்தச் சண்டையைக் கேட்பதற்கு யாரும் காதைச் சுவரில் வைக்க வேண்டியிருக்கவில்லை. வைத்தவர்கள் ஒரு மரியாதைக்காக வைத்தார்கள்.

சண்டைக்குக் காரணமான பொருள் அடுப்புக்கு மேலே துணி உலர்த்தும் சட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடுக்கு வலைத்துணி. தட்டு மாதிரி, இடுப்பிலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பாலே பாவாடை. எங்கள் ராக்கன்ஷா ஊரில் அதுவரை பாலே என்றால் கெண்டைக்கால் வரை மணி மாதிரி இறங்கும் நீளப் பாவாடைதான். நடனப் பள்ளி நடத்தும் மேடம் ஒல்கோவா கோடையில் லண்டன் போய்வந்து, "இனி எல்லாம் குட்டை, எல்லாம் தட்டை" என்று அறிவித்துவிட்டாள். (மேடம் ஒல்கோவா மீன்கடை டாட்லாக்கின் மகள் வேரா. ருஷ்யாவை வரைபடத்தில்கூடக் காட்டத் தெரியாது. ஆனால் முதுகை நிமிர்த்தி நடந்தால் ஊர் எதையும் நம்பும்.) மற்றத் தாய்மார்கள் "ஜட்டி தெரியுமே!" என்று பதறி நீளப் பாவாடையோடு நின்றுகொண்டார்கள். நெல்லி ஒருத்திதான் துணிந்தாள்.

துணிந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் மகள் மேவிஸுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. ஜனவரி ஐந்தாம் தேதி நூற்பாலையில் சேர வேண்டும். பெயர் எழுதியாகிவிட்டது. போரில் புருஷனைப் பறிகொடுத்த நெல்லி அதே ஆலையில் இருபது வருஷமாகப் பஞ்சைச் சுவாசித்து இருமிக்கொண்டிருப்பவள். மகளும் அந்தக் கதவுக்குள் நுழைவதைப் பார்க்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சனிக்கிழமை மாலை தேவாலயக் கூடத்தில் நடக்கும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு லண்டன் பாலே பள்ளியிலிருந்து மிஸ் ஃபெனிமோர் என்ற அம்மாள் வருகிறாள். ஒரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துச் செலவில்லாமல் படிக்க வைப்பாள். இதைவிட்டால் வேறு வழி கிடையாது.

கஞ்சி போட்டால் வலைத்துணி அரை மணியில் துவண்டுவிடும். பூத்தையல் விரிப்புகளைச் சர்க்கரைப் பாகில் முக்கி விறைப்பாக்குவது எங்கள் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வித்தை. மேசை விரிப்புக்கு ஆவது பாவாடைக்கு ஆகாதா என்று நெல்லி நினைத்தாள்.

ஆகும்தான், காய்ந்த இடத்தில்.

அன்று வெளியே மழையும் பனியும் கலந்து பெய்தது. முந்நூறு பேர் நனைந்த கம்பளிக் கோட்டோடு கூடத்துக்குள் நெருங்கி உட்கார்ந்தார்கள். மேடைக்குப் பக்கத்திலேயே டீக் கொதிகலன்கள் இரண்டு புகைவண்டி மாதிரி ஆவி விட்டன. சன்னல்களில் தண்ணீர் வழிந்தது. மேவிஸ் மேடையேறியபோது பாவாடை நிமிர்ந்துதான் நின்றது. "ஐயோ, முழுக் காலும் தெரியுது," என்று ஒருத்தி முணுமுணுத்துவிட்டு நன்றாகப் பார்க்க முன்னால் நகர்ந்தாள். நெல்லி திரைக்கு ஓரமாக நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஜோடியாக ஆட வந்தவன் கிளிஃபர்ட், மனைவியை இழந்த கசாப்புக் கடை வால்டர் ஷார்பிள்ஸின் மகன். பள்ளியில் இருந்த ஒரே ஆண்பிள்ளை. ஆகவே இளவரசன் வேறு யாராகவும் இருக்க முடியாது. யாரோ வீட்டு வெல்வெட் திரைச்சீலையை வெட்டித் தைத்த சட்டை. அவன் மேவிஸின் இடுப்பைப் பிடித்து மூன்று முறை சுழற்றினான். பாகு இளகிவிட்டிருந்தது. வெல்வெட் ஆசையாகப் போய் ஒட்டிக்கொண்டது.

அடுத்து இருவரும் ஆளுக்கொரு மூலைக்கு மிதந்து போக வேண்டும். மேவிஸ் மிதந்தாள். பின்னாலேயே கிளிஃபர்டும் வந்தான்.

"விடுடா," என்றாள் உதடு அசையாமல்.

"நான் எப்பவோ விட்டாச்சு. உன் பாவாடைதான் விடமாட்டேங்குது."

"இழுக்காதே! கிழிஞ்சா நான் என்ன கதியாவேன்?"

பதினைந்து வருஷம் வளர்த்ததை இரண்டு பவுண்டு சர்க்கரையில் கெடுத்துக்கொண்டோமே என்று நெல்லி திரையைப் பற்றிக்கொண்டாள். கூடத்தில் முதல் சிரிப்பு கிளம்பியது. பியானோவில் மேடமின் விரல் தடுமாறியது.

மேவிஸ் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. கழுத்து அப்படியே நிமிர்ந்திருந்தது. கைகள் பனித்துளி மாதிரி இறங்கின. இடுப்புக்கு மேலே அரண்மனை, இடுப்பில் கசாப்புக்கடைக்காரன் மகன். அவள் திரும்பிய பக்கமெல்லாம் அவனும் திரும்ப, நான்கு கால் பிராணி ஒன்று நாசூக்காக மேடையைச் சுற்றிவந்தது. பிறகு அவன் கையைப் பிடித்தாள். புதன்கிழமை தோறும் கூட்டுறவு மன்றத்தில் அம்மாவுக்குத் தெரியாமல் ஆடிய ஜைவ் என்ற துள்ளல் நடனத்தை ஆரம்பித்தாள். (அம்மாவுக்குத் தெரியாதுதான். தெருவுக்குத் தெரியும்.) ஜைவ் ஆடினால் முழங்கால் கெட்டுவிடும் என்று தடை போட்ட மேடமே, வேறு வழியில்லாமல், வாசித்ததை வேகமாக வாசித்தாள். ஜனங்கள் காலைத் தட்டினார்கள். கடைசியில் முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். மிஸ் ஃபெனிமோர் மட்டும் எழவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள்.

மேடைக்குப் பின்னால் முதலில் ஓடிவந்தது ஆக்னஸ், கையில் வெந்நீர்க் கெட்டிலோடு. அவளுக்குப் பின்னால் வால்டர், தட்டையான கத்தியோடு.

"கத்தியைத் தூரப் போடுங்க! இது என்ன தொடைக்கறியா?"

"வெந்நியை ஊத்தி என் பையனை அவிச்சிடாதேம்மா. அப்புறம் அவனைத்தான் கடையில தொங்கவிடணும்."

"அவிச்சா மட்டும் ருசியாவா இருக்கப் போறான்? குனிஞ்சு பிடிங்க. அங்க இல்ல, இங்க! கறி வெட்டுறவருக்கு எலும்பு எங்க இருக்குன்னு தெரியாதா?"

இருவரும் ஒட்டிய இடத்தைத் துடைத்துப் பிரிப்பதற்குள் கால் மணி ஆனது. அப்போது மிஸ் ஃபெனிமோர் உள்ளே வந்தாள். நெல்லி எழுந்து நின்றாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இதை எத்தனை நாள் ஒத்திகை பாத்தீங்க?"

"ஒத்திகை இல்லீங்கம்மா. சர்க்கரை. தப்பு என்மேலதான், பொண்ணுமேல இல்ல."

அந்த அம்மாள் பாவாடையைத் தொட்டுப் பார்த்து, விரலை நக்கிக்கொண்டாள். முகம் மாறவில்லை.

"அழகா ஆடுற பொண்ணுங்க எங்கிட்ட நாப்பது பேர் இருக்காங்க. எல்லாம் கெட்டுப்போற நேரத்துல கழுத்து தொங்காத பொண்ணு ஒருத்திகூட இல்ல. ஜனவரி அஞ்சாம் தேதி அனுப்பிடுங்க."

"அஞ்சாம் தேதியா?" என்றாள் நெல்லி. "அன்னிக்கு அவளுக்கு ஆலையில…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். பிறகு அழுதாள், சிரித்தாள், கிளிஃபர்டைக் கட்டிக்கொண்டாள், அவன் சட்டையில் தானும் லேசாக ஒட்டிக்கொண்டாள்.

மேடையில் ஒட்டிக்கொண்ட ஜோடி கல்யாணம் கட்டிக்கொள்ளும் என்று தெரு முழுக்கச் சொன்னது. தெருவுக்கு எதையாவது சரியாகச் சொல்லி வழக்கமில்லை. அடுத்த மே மாதம் கல்யாணம் கட்டிக்கொண்டது ஆக்னஸும் வால்டரும். தேவாலயத்து வாசலிலேயே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள், சந்தோஷமாக. கிளிஃபர்ட் கனடாவுக்குப் போய் ஒரு பல் வைத்தியர் மகளைக் கட்டினான். மேடம் தபால் அலுவலகத்துக்காரரை மணந்தபோது பதிவேட்டில் வேரா டாட்லாக் என்று கையெழுத்திட வேண்டியிருந்தது. நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். மேவிஸ் லண்டனில் மூன்று வருஷம் ஆடினாள். பாலேக்கு ஆகாத உயரம் வளர்ந்துவிட, கடற்கரை ஊர் ஒன்றில் இறகு வைத்து ஆடும் நடனக் குழுவில் சேர்ந்து, அங்கே டிராம்போன் வாசித்தவனைக் கட்டிக்கொண்டாள். ஐம்பத்தேழில் நெல்லி ஆலையை விட்டு அந்த ஊருக்கே குடிபோனாள். இருமல் நின்றுவிட்டதாம்.