மிஞ்சிய அப்பம்

திருவிருந்தில் மிஞ்சிய அப்பத்தைக் கொட்டக்கூடாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. ஜெபித்துக் கொடுத்தவரே தின்று தீர்க்க வேண்டும். அந்தச் சபையின் வழக்கம் அது. முதல் நாளே அங்கிக்காரியின் கழுத்தைப் பிடித்ததும் அந்த வழக்கம்தான்.

அங்கிக்காரி என்பது முதுகுக்குப் பின்னால் சபையார் வைத்த பெயர். அங்கே ஆயராக வந்த முதல் பெண் அவள். நேரில் என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல், பாதிப்பேர் கூப்பிடாமலே காலத்தை ஓட்டினார்கள்.

"இன்னைக்கு அப்பம் கொஞ்சமா வைக்கட்டுமாம்மா?" என்று மணியடிப்பவர் தயங்கிக்கொண்டே கேட்டார். அவருக்கு ஊர்வாய் தெரியும்.

"தட்டு நிறைய வைங்க" என்றாள். வீம்புதான், வேறென்ன.

ஜெபித்து முடித்து எல்லாரையும் அழைத்தாள். பொம்பளை கையிலிருந்து வாங்க ஒருவரும் அசையவில்லை. அவள் கண் முன்வரிசையில் இருந்த அக்காமேல் போய் நின்றது. அம்மா போன பிறகு அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. தையல் மெஷினை மிதித்தே படிக்க வைத்தவள். அன்று இவள் போட்டிருந்த வெள்ளை அங்கியும் அக்கா தைத்ததுதான். அக்கா ஒருத்தி வந்தால் போதும், மற்றவர்கள் எக்கேடு கெட்டால் என்ன?

அக்கா எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அங்கிக்காரி தட்டிலிருந்த அத்தனை அப்பத்தையும் எல்லாரும் பார்க்கப் பார்க்கத் தின்றாள். தொண்டை அடைத்தது. திராட்சரசத்தை ஊற்றி இறக்கினாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சாயங்காலம் அக்காவின் தையல்கடைக்குப் போனாள்.

"அங்கி மட்டும் எதுக்குத் தைச்சுக் குடுத்தே?"

"தங்கச்சிக்குத் தைச்சேன். ஆயர்கிட்ட எனக்கு ஒண்ணும் வேணாம்." அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "சாப்பிட்டியாடி?"

"வயிறு முட்ட."

அக்கா சிரிக்கவில்லை.

சபையார் பிறகு வந்தார்கள். பக்தி பொங்கி வரவில்லை, சாவு இழுத்துக்கொண்டு வந்தது. ஊரில் காய்ச்சல் பரவி மற்ற ஆயர்கள் கதவைச் சாத்திக்கொண்டபோது, இவள்தான் வீடு வீடாகப் போய்ப் பிணத்தருகே நின்றாள். தங்கள் பிள்ளையை அடக்கம் செய்த கையிலிருந்து அப்பத்தை எப்படி மறுப்பது? அப்புறம் பெரிய சபை, அப்புறம் பேராயர். முதல் பெண் பேராயர் என்று பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின.

அக்கா மட்டும் வேறொரு சபைக்குப் போய்வந்தாள். ஒவ்வொரு அங்கிக்கும் அளவெடுக்கும்போது "எலும்பும் தோலுமா ஆயிட்டே" என்று திட்டினாள். அந்த நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. ரோஷத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

அக்காவுக்கு வயதாகி ஞாபகம் தப்பியது. கடைசியில் அக்காவின் மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மாவுக்குத் தண்ணிகூட இறங்கலை. திருவிருந்து வேணும்னு கேக்கறாங்க. உடனே வாங்க."

போட்ட அங்கியோடு ஓடினாள். மூடிவைத்த தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கட்டில். அக்காவின் விரல்கள் அங்கியின் ஓரத்தைத் தடவின.

"நல்ல தையல். யாரும்மா தைச்சது?"

"எங்க அக்கா."

"கைகாரி."

அப்பத்தைப் பிட்டு வாயருகே கொண்டுபோனாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. என் தங்கச்சியும் இந்த வேலைதான் பாக்கறா. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அவளைத் தனியா விட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அவ கையாலதான் வாங்கணும். இப்ப வந்துருவா."

"அக்கா, நான்தான்க்கா! என்னைப் பாருக்கா!"

வந்தவள் மனம் நோகக்கூடாதென்று அக்கா தலையாட்டினாள். வாயைத் திறக்கவில்லை. கண் வாசலிலேயே இருந்தது. பேராயர் கெஞ்சினாள், அழுதாள், காலைக்கூடப் பிடித்தாள். வாசலைப் பார்த்தபடியே அக்கா அடங்கிப்போனாள்.

மகள் கதறிக்கொண்டே அம்மாவின் கண்களை மூடினாள். பிட்ட துண்டு பேராயரின் கையிலேயே இருந்தது. மிஞ்சியதை வைத்துக்கொள்ளக்கூடாது.

வாயில் போட்டுக்கொண்டாள். அது இறங்கவில்லை.