தண்ணீரிலிருந்து தண்ணீருக்கு

“நாலரை மணி நேரம்தாம்மா! மெட்ராஸ்லேர்ந்து சிங்கப்பூரு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். கூகுள்லயே போட்டுகீது. அதுக்குள்ளவா செத்துப்பூடும்?”

முதலாளி வெங்கடேசன் செல்போனை ரூத்தின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

ரூத் அசரவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலையொட்டிய அந்த ஷெட்டில், உயிருள்ள சிங்கி இறாலைப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. போன வாரம் அனுப்பிய நாற்பதும் சிங்கப்பூரில் பிணமாக இறங்கின. இன்னொரு தடவை இப்படி வந்தால் வாங்கமாட்டேன் என்று அங்கே வாங்குகிற செல்வராஜ் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஒரே ஆளும் போனால் ஷெட்டுக்குப் பூட்டு. ரூத்தோடு சேர்த்து எட்டுப் பெண்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

“பிளேனு நாலரை மணிதாண்ணா. தண்ணியவுட்டு எடுத்து, திரும்பத் தண்ணியில வுட எம்மா நேரம்னு கூகுள் சொல்லுதா? பதினோரு மணி ராத்திரி பிளேனுக்குக் காலையில பத்துக்கே எடுத்துட்டோம். அங்க எறங்கி, செக்கிங் முடிஞ்சு, தொட்டிக்குப் போறதுக்குள்ள இருபது மணி நேரம். நீங்களே ஈரப் பேப்பர சுத்திகினு பெட்டியில படுத்துப் பாருங்களேன்!”

பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். வெங்கடேசனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏர்போர்ட்டு கார்கோ கேட்டை ஆறு மணிக்கு இழுத்து மூடிடுவான். லேட்டானா இன்னா பண்ணுவே?”

“ஆவாது. மூணுக்கு எடுக்கிறோம். கூட நானே போறேன்.”

மூன்று மணி. ஈரத்தாள், சிங்கி, ஐஸ் பாட்டில், மூடி, டேப். பதினாறு கைகள் பறந்தன. மூன்றரைக்கு வண்டி கிளம்பிவிட்டது.

கேளம்பாக்கத்தில் டிரைவர் ஜெபசிங்கின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. எதிரே டீக்கடை.

“போன வாரமும் இங்க நின்னியா அண்ணாத்த?”

“ஒரு... முக்கா மணி. வெயிலு பேஜாரா இருந்துச்சு.”

“உனக்கே பேஜாருன்னா பின்னால கீறதுக்கு? டீ ஏர்போர்ட்டுல நான் வாங்கித் தரேன். மிதி!”

வண்டலூரில் ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நின்றது. மணி ஐந்து பத்து. ரூத் குதித்து இறங்கி, முன்னால் அடைத்துக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவைத் தட்டினாள்.

“கொஞ்சம் ஓரங்கட்டு நைனா! வண்டியில உசுரு கீது!”

“ஆம்புலன்ஸா?”

“அப்படித்தான் வச்சுக்கோ. நாப்பது பேரு!”

ஆட்டோ பதறி ஒதுங்கியது. கிடைத்த சந்தில் ஜெபசிங் வண்டியைச் செருகினான்.

கார்கோ கேட்டைத் தொட்டபோது ஐந்து ஐம்பத்து மூன்று.

மறுநாள் காலை செல்வராஜிடமிருந்து வீடியோ வந்தது. ஷெட்டே செல்போனைச் சுற்றிக் குவிந்தது. கண்ணாடித் தொட்டிக்குள் நீண்ட மீசைகள் அசைந்துகொண்டிருந்தன. ‘அடுத்த வாரம் அறுபது அனுப்புங்க’ என்றது அவர் குரல்.

“நீ ஜெயிச்சுட்டேம்மா!” என்று வெங்கடேசன் கை தட்டினார்.

ரூத் வீடியோவை மறுபடி ஓட்டி, ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பத்தெட்டு. மூலையில் இரண்டு அசையவே இல்லை.

“அடுத்த தபா மூணே காலுக்குத் தண்ணியவுட்டு எடுப்போம்ணா. லாரி வாராவாரமா குறுக்க நிக்கும்?” என்றாள்.