நீல விளக்கு எரிந்த இருபத்து மூன்று நாட்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது மாற்றுக் கதை. அசல் கதை வேறு. அதில் ஓர் அரசன் இருக்கிறான், கோட்டை இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் அரசன் வாளை ஓங்குகிறான். ஓங்கிய கை அப்படியே நிற்கிறது, யாரை வெட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பத்திரிகைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அரசன் கதை நின்றுபோனால் கைவசம் ஒன்று இருக்கட்டுமே என்றுதான் இதை எடுத்தேன். எடுத்த காரணமே கதையாகவும் ஆகிவிட்டது: வீட்டு இணையம் நின்றுபோனால் கைவசம் ஒன்று இருக்கட்டுமே என்று ஒருவர் சிம் மோடம் வாங்கிவருகிறார்.

தொடக்க வரி, முதல் முயற்சி: இணையம் இல்லாத வீடு என்பது இதயம் இல்லாத— (வேண்டாம். மேடைப் பேச்சு.)

இரண்டாம் முயற்சி: அவர் மோடத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது வானம்— (மோடத்துக்கும் வானத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டுதான். இருந்தாலும் வேண்டாம்.)

மூன்றாவது: "ஒரு நிமிஷம்கூட நெட் போகாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

இது பரவாயில்லை. ஒருவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டாலே கதைக்கு வேலை வந்துவிடும்.

2

பாதுகாப்பு அதிகாரி ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பத்தொன்பது வருடங்களில் அங்கே ஒரு தடவைகூடத் தீப்பிடித்ததில்லை. அதற்குத் தான்தான் காரணம் என்பது அவருடைய உறுதியான எண்ணம். மாதம் ஒரு தடவை சங்கு ஊதுவார். நானூறு பேரும் போட்டது போட்டபடி முற்றத்துக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். கையில் பட்டியலோடு தலைகளை எண்ணுவார். எண்ணி முடித்ததும், "ஒத்திகை முடிந்தது" என்பார். எல்லோரும் தாமாகவே உள்ளே போய்விடுவார்கள். அவருக்கு 'ஒத்திகை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமைதான்.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர். பதினோரு வருடங்களாகச் சுவர்ப்பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பள்ளிக்கூடம், சமையல், விடைத்தாள் போக மிச்சமிருந்த நேரமெல்லாம் ஈரச் சுவர்களின் முன்னால் பூதக்கண்ணாடியோடு நின்றிருக்கிறாள். அதற்கான டாக்டர் பட்ட வாய்மொழித் தேர்வு ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. தேர்வாளர்கள் மூவரும் மூன்று ஊர்களில் இருப்பதால் வீடியோவில் நடக்கும். பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது: தொடர்பு பதினைந்து நிமிடங்களுக்கு மேல் அறுந்தால் தேர்வு ஒத்திவைக்கப்படும். அடுத்த மாதம் தலைமைத் தேர்வாளர் ஓய்வு பெறுகிறார். ஒத்திவைத்தால் புதிய குழு, புதிய கேள்விகள், எல்லாம் ஆரம்பத்திலிருந்து.

அந்த வரியைப் படித்ததும் அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அவள் "சரிங்க" என்றாள்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவளிடம் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்கிறாளே, இவளை வைத்துக்கொண்டு கதை எப்படி நகரும்? இவளை நீக்கிவிட்டு, வாயாடியான ஒரு தங்கையைப் போட்டால் வசனம் களைகட்டும். தங்கைக்கு ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், பாசியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. டீச்சரையே திரும்ப அழைத்துக்கொண்டேன். அவள் எதுவும் கேட்காமல் வந்து உட்கார்ந்தாள்.)

3

மோடத்துக்கு சிக்னல் வேண்டும். சிக்னல் எங்கே வரும் என்று பார்க்க அதைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். கூடத்தில் ஒன்றுமில்லை. சமையலறையில் ஒரு கோடு. படுக்கையறை பீரோவின் மேல் இரண்டு. குளியலறை ஜன்னல் திண்டில் நான்கு கோடுகளும் பளிச்சென்று நின்றன. அந்தத் திண்டில் டீச்சரின் பாசித் தட்டுகள் ஆறு இருந்தன, ஈரமும் நிழலும் வேண்டும் என்பதால். அவற்றை வாளிக்குப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு ஏணியைப் போட்டார்.

மோடத்திலிருந்து ஒரு வயர் கூரையோரமாக வந்து கூடத்தில் இருந்த ரவுட்டருக்குள் நுழைந்தது. ஏற்கெனவே வந்த ஃபைபர் வயர் பக்கத்துத் துளையில் இருந்தது. முதல் வழி செத்தால் ரவுட்டர் தானே இரண்டாம் வழிக்கு மாறிக்கொள்ளும். எல்லா வயர்களிலும் துண்டுச் சீட்டு ஒட்டினார்: 'தொடாதீர்கள்.' அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான். சீட்டு யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஒத்திகை. பார்வையாளர்களாக டீச்சரும், மாடியில் வீடியோவில் தையல் வகுப்பு நடத்தும் தையல்காரம்மாவும் அழைக்கப்பட்டார்கள். அவர் பட்டியலை உரக்கப் படித்தார். வீடியோ ஓடுகிறதா, ஓடுகிறது. ஃபைபர் வயரைப் பிடுங்கு, பிடுங்கினார். நாற்பது விநாடி படம் உறைந்து நின்றது. மோடத்தில் துடித்துக்கொண்டிருந்த நீல விளக்கு துடிப்பதை நிறுத்தி நிலையாக எரிந்தது. படம் மறுபடி ஓடியது. தையல்காரம்மா கை தட்டினார்.

"ஒத்திகை முடிந்தது" என்று அறிவித்துவிட்டு அவர் காபி குடிக்கப் போனார்.

* இங்கே ஒரு விஷயம். இந்தப் பகுதியை எழுதி முடித்து, நான்காவதும் எழுதி, திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன். 'பிறகு வயரைத் திரும்பச் செருகினார்' என்ற வாக்கியத்தை நான் எழுதவே இல்லை. நான் எழுதாததால் அவரும் செருகவில்லை. அவருடைய பட்டியலிலும் அந்த வரி கிடையாது. தொழிற்சாலையில் ஒத்திகை முடிந்தால் நானூறு பேரும் தாமாகவே உள்ளே போய்விடுவார்கள். உள்ளே போங்கள் என்று யாருக்கும் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வயருக்கு அது தெரியாது. இப்போதுகூட அந்த ஒரு வாக்கியத்தை மேலே சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். சேர்த்தால் கதை போய்விடும். சேர்க்கவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4

இருபத்து மூன்று நாட்கள் போயின. எதுவும் நடக்கவில்லை, அதுதான் பிரச்சினை.

தினமும் பல் தேய்க்கும்போது அவர் திண்டைப் பார்ப்பார். நீல விளக்கு ஆடாமல் அசையாமல் எரியும். அவருக்கு மனம் குளிர்ந்துவிடும். துடித்தால் காத்திருக்கிறது, நிலையாக எரிந்தால் வேலை செய்கிறது என்று கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் போட்டிருந்தது. அவர் எட்டாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தார், ஏனென்றால் எட்டாம் பக்கத்தின் கடைசி வரி 'வாழ்த்துக்கள்' என்று இருந்தது.

சும்மா இருப்பதாக அவர் நினைத்த மோடம் வீட்டையே சுமந்துகொண்டிருந்தது. டீச்சரின் பயிற்சிப் பேச்சுகள், அவர் பார்க்கும் தீயணைப்பு வீடியோக்கள் எல்லாம் குளியலறை வழியாகத்தான் வந்தன. டேட்டா பாதி முடிந்தது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. முக்கால் முடிந்தது என்று இன்னொன்று. ஏறக்குறைய முடிந்துவிட்டது, தயவுசெய்து கவனிக்கவும் என்று மூன்றாவது. எல்லாம் மிகவும் மரியாதையான செய்திகள். எல்லாம் அந்த சிம்முக்கே வந்தன. சிம் மோடத்துக்குள் இருந்தது. மோடம் படித்துவிட்டுச் சும்மா இருந்தது.

5

வியாழக்கிழமை. அவர் விடுப்பு எடுத்திருந்தார். தேர்வு நடக்கும்போது யாரும் கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது என்று இரண்டு கைபேசிகளையும் அணைத்து பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடினார். படுக்கையறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். உள்ளே அவள் குரல் கேட்டது. முதல் கேள்விக்கு அவள் எட்டு நிமிடம் பேசினாள். "சரிங்க" என்ற சொல் அதில் ஒரு தடவைகூட வரவில்லை. தன் மனைவி இவ்வளவு சரளமாகப் பேசுவாள் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. ஒன்றும் புரியாவிட்டாலும் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது கேள்வி, ஏன் வடக்குச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள் என்பது. பாதியில் குரல் நின்றது.

கதவு திறந்தது. அவள் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இரும்மா, நாற்பது விநாடி. பேக்கப் எடுத்துக்கும்" என்றார் அவர்.

"நான் மேல போறேங்க. அக்காகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"எப்ப சொன்னே?"

"நீங்க ஏணி எடுத்த அன்னிக்கே" என்றாள். குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. படியேறிப் போய்விட்டாள். போய்ச் சேர்ந்து பேச்சைத் தொடர அவளுக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

* அவருடைய கைபேசியிலிருந்தே இணையம் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொடுத்திருக்கலாம். அது பட்டியலில் இல்லை.

6

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டப்பாவைத் திறந்து, கைபேசிக்கு உயிர் கொடுத்து, இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பிடிபிடியென்று பிடித்தார். மறுமுனையில் இருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், வயர் சரியா செருகியிருக்கான்னு ஒரு தடவை பாத்துடறீங்களா?" என்றாள். தான் பத்தொன்பது வருடப் பாதுகாப்பு அதிகாரி என்று சொல்லிவிட்டு அவர் ரவுட்டர் மேசைக்குப் பின்னால் குனிந்தார்.

அந்தப் பெண் மூன்று தடவை "சார்?" என்றாள். அவர் மெதுவாகக் கைபேசியை அணைத்தார்.

ஃபைபர் வயர் வெளியேதான் இருந்தது. ஆனால் தரையில் கிடக்கவில்லை. மேசைக் காலில் அழகாகச் சுற்றி மாட்டப்பட்டிருந்தது. மேசைக்கு அடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை, தினமும் பெருக்கிய இடம். வயரின் நுனியில் தூசி புகாமல் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை போட்டு, நூலால் கட்டியிருந்தது. பாசி மாதிரிகளைக் கட்டும் அதே பச்சை நூல். அவர் ஒட்டிய 'தொடாதீர்கள்' சீட்டு ஓரம் மடங்காமல் அப்படியே இருந்தது.

(இதை நான் எழுதத் திட்டமிடவில்லை. அந்த நூலை நான் வாங்கிக் கொடுக்கவில்லை. ஒரு வாக்கியத்தை நான் விட்டுவிட்ட நாளிலிருந்து, நான் நீக்கப் பார்த்த ஒருத்தி தினமும் அங்கே குனிந்து பெருக்கியிருக்கிறாள்.)

அவருக்கு வெட்கமாக இருந்தது. நெருப்பே வராத இடத்தில் நெருப்பை அணைத்த பெருமையோடு வாழ்ந்ததைப் பற்றி வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்பட்டார். வயரைக் கையில் எடுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அது பதினோரு வருடம் பழகிய கை போட்ட முடிச்சு, லேசில் அவிழவில்லை.

மாடியில் தையல்காரம்மா கை தட்டும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. டீச்சர் தேறிவிட்டாள்.

7

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ. அவள் இறங்கி வருவதற்குள் அவர் வயரைச் செருகிவிட்டு, "கம்பெனிக்காரன் தப்பு" என்கிறார். அவள் "சரிங்க" என்கிறாள். (நிஜத்தில் இப்படித்தான் நடக்கும். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.)

ஆ. அவர் உண்மையைச் சொல்கிறார். அவள் சிரிக்கிறாள்— இல்லை, கோபப்படுகிறாள்— இல்லை. (இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் அவள் எனக்காக நடித்தாள்.)

இ. அவளுக்கு முதல் நாளே தெரியும். பதினோரு வருடம் சுவரை உற்றுப் பார்த்தவளுக்கு, செருகாமல் கிடக்கும் வயர் கண்ணில் படாதா? பட்டது என்றால் ஏன் சொல்லவில்லை? அவள் சொல்லியிருந்தால் அவர்— (இதை எழுதினால் இன்னொரு கதை ஆகிவிடும். அரசன் வேறு இன்னும் வாளை இறக்கவில்லை.)

எனவே இதுவரை எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். செருப்புச் சத்தம் படியில் இறங்கி வந்தது. கதவு திறந்தது. மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். அவர் கையில் வயர் இருந்தது, பச்சை நூல் இன்னும் அவிழாமல். டாக்டர் பட்டம் வாங்கிய சந்தோஷத்தில் அவள் முகம் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் அந்த வயரையே பார்த்தாள்.

"அதுல தொடாதீங்கன்னு போட்டிருக்குங்களே" என்றாள்.

எந்தக் குரலில் சொன்னாள், சிரித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு வாக்கியத்தை மறந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தவன் நான், இதற்கு மேல் என்னை நம்ப வேண்டாம். அவர் வாயைத் திறந்துவிட்டார், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் மறக்காமல் அந்த வயரைச் செருகிவிடுங்கள்.